பிரசவ அறையின் முதல் ஒரு மணி நேரம்: புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியருக்கு

பிரசவ அறைக்கு முதன்முதலாக டியூட்டிக்கு வரும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். படிப்பில் கற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நள்ளிரவில் குழந்தையின் தலை தெரியும் நேரத்தில், தாய் ஒரு பக்கம் அலற, டாக்டர் பக்கத்து மேசையில் தையல் போட்டுக்கொண்டிருக்க, உதவிக்கு இருந்த ஆயாவும் வெந்நீர் எடுக்கப் போயிருக்க, எதை முதலில் செய்வது என்று கை திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு வரக்கூடாது என்றால் வேலையின் வரிசை மனப்பாடமாக இருந்தால் போதாது, கையில் இருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிறகு சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்திலுமாகப் பல ஆண்டுகள் பிரசவம் பார்த்தவள் நான். நான் கண்டது இதுதான்: பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஈரம் போகத் துவட்டி, தாயின் மார்பில் போட்டு, அங்கிருந்து எடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஏறத்தாழ நூற்றில் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்கிவைக்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படும். அந்தப் பத்தில் ஒன்று எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே எல்லாப் பிரசவத்துக்கும் அதற்கான ஆயத்தம் இருக்க வேண்டும்.

குழந்தை வருவதற்கு முன்பே

அறையின் வெப்பத்தைப் பாருங்கள். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் என்பது எல்லோருக்கும் தெரியும், அங்கே ஹீட்டர் போட்டுவிடுவார்கள். நம் சமவெளி ஊர்களில்தான் ஏமாந்துபோகிறோம். சித்திரை வெயிலில் குழந்தைக்கு எப்படிக் குளிரும் என்று நினைத்து, தாய்க்கு வியர்க்கிறதே என்று மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிடுகிறோம். நனைந்த உடம்போடு வெளியே வரும் குழந்தைக்கு அந்தக் காற்று பனிக்காற்று மாதிரி. தலை இறங்கத் தொடங்கியதும் மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிடுங்கள். பிரசவத் துணையாக உள்ளே வந்திருக்கும் அம்மாவோ அக்காவோ தாயின் முகத்துக்கு மட்டும் ஒரு அட்டையால் விசிறட்டும்.

குழந்தைக்குச் சூடு கொடுக்கும் மேசையான வார்மரை இருபது, முப்பது நிமிடங்களுக்கு முன்பே போட்டுவிடுங்கள். அதன் அடியில் சுத்தமான இரண்டு துண்டுகள், ஒரு தொப்பி, காலுறை. ஒரு துண்டு துவட்ட, இன்னொன்று போர்த்த. ஒரே துண்டில் இரண்டு வேலையையும் செய்வது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஈரத்துண்டில் சுற்றிய குழந்தைக்குப் போர்வை இருந்தும் சூடு இல்லை.

அடுத்து அம்பு பேக், அதாவது மூச்சுவிடாத குழந்தைக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை. இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சிறிய மருத்துவமனையில், இரவுப் பணியில் ஒரு குழந்தை அழாமல் பிறந்தது. பேக் மேசையில்தான் இருந்தது. அதில் மாட்டியிருந்த மாஸ்க் பெரியவர்களுக்கானது. குழந்தையின் முகத்தில் வைத்தால் கண்ணையும் நெற்றியையும் சேர்த்து மூடியது. சரியான மாஸ்க் பீரோவுக்குள் இருந்தது, பீரோவின் சாவி வீட்டுக்குப் போயிருந்தது. வாட்ச்மேன் வந்து பூட்டை உடைத்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் பூட்டின் மேல் இரும்புக் கம்பி விழுந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே டியூட்டி ஏற்கும்போதே நீங்களே எடுத்துப் பாருங்கள். நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் எண் மாஸ்க், குறைமாதக் குழந்தைக்கு 0. மாஸ்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பேக்கை அமுக்குங்கள். உள்ளங்கையில் காற்றின் அழுத்தம் தெரிய வேண்டும், இன்னும் அமுக்கினால் மேலே உள்ள வால்வு திறந்து புஸ்ஸென்று காற்றை விட வேண்டும். கையை விட்டதும் பேக் தானாக உப்ப வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் அது வேலை செய்யும் பேக். மற்றபடி சளி உறிஞ்சும் குழாய், கொடிக்கு இரண்டு கிளாம்ப், கொதிகலனில் சுத்திகரித்த கத்தரிக்கோல், வினாடி முள் உள்ள கடிகாரம், வைட்டமின் கே, 1 மில்லி சிரிஞ்சு. தாயின் ஊசிமருந்துத் தட்டும் குழந்தையின் ஊசிமருந்துத் தட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கட்டும். அவசரத்தில் தாயின் கருப்பையைச் சுருக்கப் போட வேண்டிய மருந்தைக் குழந்தைக்குப் போட்டுவிட்ட விபரீதங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன.

கேஸ் ஷீட்டையும் ஒரு முறை படித்துவிடுங்கள். எத்தனை வாரம், பனிக்குட நீர் எந்த நிறம், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, ஆர்.எச். நெகடிவ் இரத்த வகை, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. இவற்றில் எது இருந்தாலும் குழந்தை பிறந்த பிறகு செய்ய வேண்டிய வேலை மாறும். பிறந்த பின் புரட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதல் நிமிடம்

குழந்தையின் உடல் முழுவதும் வெளியே வந்த கணம்தான் பிறந்த நேரம். அதைச் சத்தமாகச் சொல்லுங்கள், துணைக்கு இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் விரித்த சூடான துண்டில் வையுங்கள்.

உடனே துவட்டுங்கள். முதலில் தலை, பிறகு முகம், முதுகு, நெஞ்சு, கை, கால். பூப்போல ஒற்றி எடுப்பதும் கூடாது, தேய்த்து உரிப்பதும் கூடாது. மழையில் நனைந்து வந்த பிள்ளையின் தலையை அம்மா துவட்டும் அழுத்தம் போதும். அந்தத் துவட்டலே குழந்தையை எழுப்பும் தூண்டுதல், பல குழந்தைகள் துண்டு முதுகில் பட்டதும்தான் வாய் திறந்து அழும். உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சை வழித்தெடுக்க வேண்டாம். தோலுக்கு அது காப்பு. துவட்டி முடித்ததும் ஈரத்துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, குழந்தையைத் தாயின் இரு மார்புகளுக்கும் நடுவில் குப்புறப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, இரண்டாவது துண்டைப் போர்த்தி, தொப்பி போடுங்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? ஈரத்தோடு விடப்பட்ட குழந்தையின் உடல் சூடு முதல் பத்து, இருபது நிமிடங்களில் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த எடைத்தட்டில் வைத்தால் தட்டு சூட்டை உறிஞ்சுகிறது. காற்று கொஞ்சம் கொண்டுபோகிறது, பக்கத்துக் குளிர்ச்சுவர் கொஞ்சம். சூடு இறங்கிய குழந்தைக்கு மூச்சு திணறும், சர்க்கரை குறையும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது. குறைமாதக் குழந்தையாக இருந்தால் இந்த ஒரு தவறே உயிரைப் பறித்துவிடும். கால் மணி நேரத்துக்குப் பிறகு வார்மரில் போட்டுச் சூடேற்றுவதைவிட, முதல் முப்பது வினாடிகளில் துவட்டிவிடுவது எவ்வளவோ எளிது.

நன்றாக அழுகிற குழந்தையின் வாயிலும் மூக்கிலும் குழாயை விட்டுச் சளி எடுக்காதீர்கள். பழைய வழக்கம் அது. தொண்டையில் குழாய் இடித்தால் இதயத் துடிப்பு குறையலாம், மூச்சும் நின்றுபோகலாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, முதுகில் அறைவது, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளிப்பது எல்லாம் அறவே கூடாது.

குழந்தை மார்பில் ஏறிய பிறகு தாயிடம், “என்ன குழந்தை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அம்மா” என்று காட்டுங்கள். அவர் வாயால் சொல்ல வேண்டும், பிற்பாடு எந்தச் சந்தேகத்துக்கும் இடமிருக்காது. மூன்றாவதும் பெண் என்று தெரிந்து முகம் வாடும் தாய்மார்களைப் பார்ப்பீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. அந்த நேரத்தில் நீங்கள் “ஐயோ பாவம்” என்ற குரலில் பேசினால் அது அறை முழுவதும் பரவிவிடும். “எவ்வளவு அழகாக அழுகிறாள் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

அழாத குழந்தை

துவட்டி முடித்தும் குழந்தை அழவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் அடுத்த முப்பது வினாடிகள்தான் உங்கள் கையில் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தொடங்க வேண்டும், அல்லது நாம் காற்று கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இதைப் பொன் நிமிடம் என்பார்கள். 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா கார்யக்ரம் என்ற மத்திய அரசின் பச்சிளங்குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியின் சாரமே இந்த ஒரு நிமிடம்தான். அந்தப் பயிற்சிக்கு உங்களை அனுப்பவில்லை என்றால் கேட்டு வாங்கிப் போங்கள். பொம்மையின் மேல் கை பழகாமல் குழந்தையின் மேல் பழகக் கூடாது.

தலை பின்னுக்கு மடங்காமலும் முன்னுக்குச் சாயாமலும், காற்றை முகர்வது போல லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். வாயில் சளி தெரிந்தால் மட்டும் எடுங்கள். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கில் முதலில் குழாய் பட்டால் குழந்தை சட்டென்று மூச்சிழுக்கும், வாயில் உள்ளது உள்ளே போய்விடும். முதுகை இரண்டு மூன்று முறை நீவிவிடுங்கள், அல்லது உள்ளங்காலைச் சுண்டுங்கள். அதற்கும் அழவில்லை என்றால் நீவிக்கொண்டே நிற்காதீர்கள். மறுபடி மறுபடி நீவி நேரத்தைத் தொலைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கொடியை உடனே கிளாம்ப் போட்டு வெட்டி, “டாக்டரைக் கூப்பிடுங்கள்” என்று குரல் கொடுத்தபடியே வார்மருக்குப் போங்கள்.

அங்கே தோளின் அடியில் ஒரு அங்குல உயரத்துக்குத் துணியை மடித்து வையுங்கள், கழுத்து தானாக நேராகும். மாஸ்க் வாயையும் மூக்கையும் தாடை நுனியையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கைச் சுற்றி வளைந்து பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். கழுத்தின் மெத்தென்ற சதையில் விரல் அழுத்தினால் மூச்சுக்குழாயை நீங்களே அடைத்துவிடுவீர்கள். பேக்கை அமுக்கி, “அமுக்கு, இரண்டு, மூன்று” என்று வாய்விட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை வரும். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றே போதும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓட வேண்டாம்.

கண் பேக்கில் இருக்கக் கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அமுக்கலுக்கும் நெஞ்சு லேசாக உயர்கிறதா? உயரவில்லை என்றால் காற்று உள்ளே போகவில்லை, அதற்குப் பின் நூறு முறை அமுக்கினாலும் பயனில்லை. மாஸ்கைத் திரும்பப் பொருத்துங்கள், தலையைச் சரிசெய்யுங்கள், வாயைப் பார்த்துச் சளி எடுத்து லேசாகத் திறந்து வையுங்கள், அப்புறமும் எழவில்லை என்றால் சற்றே கூடுதலாக அமுக்குங்கள். முப்பது வினாடி நெஞ்சு நன்றாக எழுந்து இறங்கிய பிறகு மூச்சைப் பாருங்கள். இன்னும் மூச்சு இல்லை என்றால் கொடியின் அடியில் விரல் வைத்து ஆறு வினாடி துடிப்பை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். நூறுக்கு மேல் இருந்தால் பேக்கைத் தொடர்ந்துகொண்டே குழந்தை தானாக மூச்சுவிடும்வரை காத்திருக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் இன்னொருவரின் கை தேவை, அதற்குள் டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நீலம் பாய்ந்து துவண்டு கிடந்த குழந்தைக்கு நெஞ்சு எழும்பத் தொடங்கியதும் முதலில் துடிப்பு ஏறும், பிறகு உதடு சிவக்கும், அப்புறம் விரல் ஒன்று அசையும். அழுகை கடைசியாகத்தான் வரும். அழுகை வரவில்லையே என்று பாதியில் கலங்கிப் பேக்கை நிறுத்திவிடாதீர்கள்.

பிறந்த குழந்தையின் நிலையை 1-ஆம் நிமிடத்திலும் 5-ஆம் நிமிடத்திலும் மதிப்பெண் போட்டு எழுதுவோம். நிறம், துடிப்பு, தூண்டினால் காட்டும் முகச்சுளிப்பு, தசையின் இறுக்கம், மூச்சு என ஐந்துக்கும் தலா 2. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் 1952-இல் வகுத்த முறை. அது பதிவுக்கு உதவும். ஒரு நிமிட மதிப்பெண் வரட்டும், பிறகு பேக் எடுக்கலாம் என்று காத்திருந்தால் பொன் நிமிடம் கைவிட்டுப் போயிருக்கும்.

தொப்புள்கொடி

குழந்தை நன்றாக அழுகிறது என்றால் கொடியை வெட்ட அவசரமே இல்லை. ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விடுங்கள். இதற்குள் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். அந்த இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்துதான் பின்வரும் மாதங்களில் இரத்தசோகை வராமல் காக்கும் சேமிப்பு. நம் தாய்மார்களில் எத்தனை பேர் வெளுத்த கண்ணோடு பிரசவத்துக்கு வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அவர்களின் பிள்ளைக்கு இந்த இரண்டு நிமிடம் பெரிய கொடை. இடைப்பட்ட நேரத்தில், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தாய்க்குக் கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் போட்டுவிடலாம்.

பிறகு வயிற்றிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு கிளாம்ப், அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கிளாம்ப் போட்டு, இரண்டுக்கும் நடுவில் வெட்டுங்கள். கொடியின் மேல் ஒன்றும் வேண்டாம். பவுடர், மஞ்சள், விளக்கெண்ணெய், சாம்பல் எதுவும் கூடாது. சுத்தமாக, உலர்ந்து, டயப்பருக்கு வெளியே இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் தானே விழும்.

மார்பின் மேல் ஒரு மணி நேரம்

இந்தப் பகுதியைத்தான் நம் பிரசவ அறைகளில் அதிகம் சுருக்கிவிடுகிறோம். மேசை காலியாக வேண்டும், அடுத்தவர் வலியோடு காத்திருக்கிறார், பதிவேட்டில் எடை எழுத வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். எடையை ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு முறை பொறுமையாக நின்று பாருங்கள். முதல் சில நிமிடங்கள் குழந்தை சும்மா கிடக்கும். பிறகு கண்ணைத் திறக்கும். கையை வாய்க்குக் கொண்டுபோகும், நாக்கை நீட்டும், எச்சில் வழியும். காலை உதைத்து அங்குலம் அங்குலமாக மேலே நகரும், நடுவில் களைத்துத் தூங்கும், மீண்டும் நகரும். முலைக்காம்பின் மேல் தலையை முட்டி முட்டி, வாயை அகலத் திறந்து கவ்வும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நடக்கும் இதற்குச் சில குழந்தைகளுக்கு இருபது நிமிடம், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம். துவட்டும்போது உள்ளங்கையை மட்டும் அழுத்தித் துடைக்காமல் விட்டால், அதில் இருக்கும் பனிக்குட நீரின் வாசனை வழிகாட்டும். தாயின் மார்பில் சப்பும் அந்த இழுப்பு தாயின் உடலில் ஆக்சிடோசினைச் சுரக்கவைத்துக் கருப்பையைச் சுருக்குகிறது, இரத்தப்போக்கும் குறைகிறது. இருவருக்கும் ஒரே மருந்து.

வாய் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்க்க நான்கு அடையாளம்: வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், தாடை மார்பைத் தொடும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரியும். குழந்தையின் தலையைப் பிடித்து மார்பில் திணிக்காதீர்கள், அது முரண்டு பிடித்து விலகும்.

ஒரு எச்சரிக்கை. மார்பில் வைத்துவிட்டோம் என்று திரும்பிப் பார்க்காமல் போகக் கூடாது. தாய் இரவு முழுவதும் வலி பொறுத்தவர், கண் அயர்ந்துவிடுவார். குழந்தையின் மூக்கு மார்பில் புதைந்தாலும் கழுத்து முன்னுக்கு மடிந்தாலும் மூச்சு அடைபடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து மூக்கு தெரிகிறதா, உதடு சிவப்பா, மூச்சு சீரா, பாதம் சூடா என்று பாருங்கள். துணைக்கு இருப்பவரிடமும் மூக்கின் மேல் கண் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சிசேரியன் என்றால் இதெல்லாம் முடியாது என்று எண்ண வேண்டாம். முதுகில் ஊசி போட்ட தாய் விழித்துத்தான் இருப்பார். குழந்தை நலமாக இருந்தால் தியேட்டரிலேயே மார்பின் குறுக்காக வைத்துப் போர்த்தலாம். மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே பேசி வைத்துக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை.

சேனை

பிரசவ அறைக்கு வெளியே ஒரு கிண்ணம் காத்திருக்கும். எங்கள் பக்கத்தில் சேனை தொட்டு வைப்பது என்பார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் குழந்தையின் நாவில் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில ஊர்களில் கழுதைப்பால். இதை அதட்டித் தடுத்தால், நீங்கள் வார்டைத் தாண்டியதும் கொடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் அப்படி ஒரு பாட்டி வெண்கலக் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கேட்டதும், “ஒரே ஒரு சொட்டு, தாயி. என் மாமியார் எனக்குப் பிறந்ததுகளுக்கெல்லாம் வைத்தார்கள்” என்றார்கள். நான் அவர்களை உள்ளே அழைத்து, மருமகளின் மார்பிலிருந்து சீம்பாலைக் கையால் பீய்ச்சி ஒரு கரண்டியில் காட்டினேன். மஞ்சளாக, பிசுபிசுவென்று அரைக் கரண்டிகூட வரவில்லை. “பாட்டி, முதல் சேனை இதுதான். நீங்களே உங்கள் கையால் பேரனுக்குக் கொடுங்கள்” என்றேன். கை கழுவச் சொன்னேன், முழங்கைவரை கழுவினார்கள். கரண்டியைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்தபோது அவர்கள் கை நடுங்கியது. அதற்குப் பிறகு அந்த வார்டில் வேறு யாராவது கிண்ணத்தோடு வந்தால் பாட்டியே எழுந்து தடுத்தார்கள்.

சீம்பால் அளவு குறைவுதான். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு முதல் நாளில் அவ்வளவே தேவை. நோய் எதிர்ப்புப் பொருள் நிறைந்தது, அதைப் பீய்ச்சிக் கீழே விடக் கூடாது. தேன் ஆபத்து, அதில் இருக்கக்கூடிய கிருமியின் விதைகள் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பவுடர் பால் எதுவும் வேண்டாம். பவுடர் பாலை மருத்துவமனைக்குள் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு

இனி மற்ற வேலைகள். எடைத்தட்டில் சூடான துணி விரித்து, முள்ளை பூஜ்ஜியத்தில் வைத்து எடை பாருங்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை, கூடுதல் கவனம். 1.8 கிலோவுக்குக் குறைந்தாலோ 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் வழியிலும் தாயின் மார்போடு, அல்லது உறவினரின் மார்போடு அணைத்தபடி கொண்டுபோவதே சிறந்த சூடு. கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் சொல்வது 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்தது.

வைட்டமின் கே ஊசி, 1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் 1 மி.கி., குறைந்தால் அரை மி.கி., தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில். ஆம்பூலில் மில்லிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். குடலில் கிருமிகள் குடியேறாத பச்சிளங்குழந்தைக்கு இந்த வைட்டமின் போதாது, அதனால் திடீரென்று மூளைக்குள்கூட இரத்தம் கசியலாம். இந்த ஊசி அதைத் தடுக்கும். ஹெபடைடிஸ் பி முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் சேர்த்து. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இடது மேற்கையில், போலியோ சொட்டு மருந்து இரண்டு சொட்டு.

தாய், குழந்தை இருவர் கையிலும் அடையாளப் பட்டை கட்டிப் பாதப் பதிவு எடுங்கள். பட்டை கட்டாத குழந்தை அறையை விட்டு வெளியே போகக் கூடாது. பிறகு தலை முதல் கால்வரை நிதானமாகப் பாருங்கள்: உச்சிக்குழி, உதடும் அண்ணமும், முதுகுத்தண்டு, மலத்துவாரம், பிறப்புறுப்பு, விரல்கள். அண்ணத்தை விரல் விட்டுத் தடவாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், மலத்துவாரத்தைத் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும்தான் அவசரத்தில் விட்டுப்போகும்.

பின்முதுகில் நீலத் திட்டு, முதல் நாள் கை கால் சற்று நீலம், மார்பு லேசாக வீங்குவது, பெண் குழந்தைக்கு ஓரிரு துளி இரத்தம் கசிவது எல்லாம் இயல்பு என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். வீங்கிய மார்பைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு, அதனால் சீழ் பிடிக்கும். குளியலும் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் தள்ளிப்போடுங்கள்.

வார்டில்

அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி. வெப்பமானி கிடைக்காத நேரத்தில் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் சூடு என்றால் சரி. வயிறு சூடு, பாதம் குளிர்ச்சி என்றால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே தாயின் மார்போடு அணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் குளிர்ச்சி என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்தப் புறங்கைச் சோதனையைத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள், வீட்டுக்குப் போன பிறகும் அவர்களுக்கு அது துணை.

முதல் நாளுக்குள் சிறுநீரும் கரும்பச்சை நிற முதல் மலமும் போக வேண்டும். 24 மணி நேரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால். முதல் வாரத்தில் எடை பத்தில் ஒரு பங்குவரை குறையலாம், பயப்பட வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, முனகல், வலிப்பு, துவண்டு கிடப்பது, நாக்கும் உதடும் நீலமாவது, முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் காமாலை, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை ரவுண்டுவரை காத்திருக்காதீர்கள். வீட்டில் தெரிந்தால் 108.

சுகப்பிரசவம் என்றாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசம், வீட்டுக்குத் திரும்ப 102 ஊர்தியும் உண்டு என்பதைச் சொல்லுங்கள், பலர் கடன் வாங்கி ஆட்டோ பிடிக்கிறார்கள். பிறப்புப் பதிவுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் தேவைப்படும், 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

டியூட்டி முடிந்து கிளம்பும்போது அம்பு பேக்கையும் மாஸ்கையும் கழுவிச் சுத்திகரிக்கக் கொடுத்து, மாற்றுப் பேக்கை உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்து மேசையில் வையுங்கள். வார்மரின் அடியில் இரண்டு துண்டு, ஒரு தொப்பி. அடுத்து வரும் சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்து வந்து அதைக் காட்டிவிட்டுப் போங்கள்.